கதைப்பது ஒருவரோடு, கேட்பது பதினைந்து பேர்

திருகோணமலையில் ஒரு சனசமூக நிலையம். வாடைக்காற்றுக் காலம். மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றிய வகுப்புக்குப் பதினைந்து பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீனவக் குடும்பத்து அம்மா ஒருவர், "கடல் இரையிற சத்தம் கேட்டா நித்திரை வருதில்ல பிள்ளை" என்கிறார்.

உளவளத்துணையாளர், "மூச்சுப் பயிற்சி செய்யுங்கோ அம்மா, சரியாகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகலாம். அல்லது, "அந்தச் சத்தம் கேட்டவுடன உங்களுக்கு என்ன யோசனை வரும்?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் அந்த அம்மா கொஞ்சம் தயங்கி, "மகன் தொழிலுக்குப் போயிருப்பான்" என்பார்.

"அப்ப அவர் கரைக்கு வரும்வரைக்கும் காதைக் குடுத்துக்கொண்டு படுத்திருப்பீங்கள், அப்பிடியா?"

"ஓம் பிள்ளை."

கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கதவோரம் இருக்கும் இன்னொரு பெண்ணின் பிடி அப்போதுதான் தளரும். எனக்கு இதில் மிக முக்கியமானவர் அவர்தான்.

இங்கே நடந்ததன் பெயர் ஒத்துணர்வு. "ஐயோ பாவம்" என்பது அனுதாபம், அது வேறு. எதிரில் இருப்பவருக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று ஊகித்து, அது சரிதானா என்று அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்வது ஒத்துணர்வு. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1957இல், சிகிச்சையில் ஒருவர் மாறுவதற்கு வேண்டிய நிபந்தனைகளில் ஒன்றாக இதைச் சொன்னார். அப்புறம் வந்தவர்கள் அளந்தும் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒத்துணர்வுக்கும் சிகிச்சைப் பலனுக்கும் உள்ள ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற அளவு, 0.28 என்று வந்தது (தொடர்பே இல்லையென்றால் 0, முழுதாகச் சேர்ந்து போனால் 1). நடுத்தர அளவு. உளச்சிகிச்சை ஆய்வுகளில் இது அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குணமாகி வருபவருக்குத் துணையாளரைப் பிடித்துப்போவதும் உண்டு. எது காரணம், எது விளைவு என்று இந்த எண் மட்டும் சொல்லிவிடாது.

சரி, கைப்பைக்கு வருவோம். அழுத்தத்தில் இருக்கும் உடல் ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். நெஞ்சு படபடக்கும், கவனம் குறுகும். நாலு பேருக்கு நடுவில் இருக்கும்போது அந்த ஆபத்து, "நான் சொன்னா ஊரில என்ன கதைப்பாங்க" என்பதுதான். அந்தப் பயம் இருக்கும்வரை மூச்சுப் பயிற்சி காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது. முதலில் வாய் திறந்தவரைத் துணையாளர் எப்படி நடத்துகிறார் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள். கூடவே, "எனக்கு மட்டுமில்ல" என்ற ஆறுதலும் வருகிறது. குழுச் சிகிச்சை ஆளைக் குணப்படுத்தும் வழிகளில் இதை முக்கியமான ஒன்றாக அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யலோம் எழுதியிருக்கிறார்.

யாரும் வாயே திறக்கத் தேவையில்லாத வகுப்புகளும் உண்டு. ஸ்கொட்லாந்தில் உளவியலாளர் ஜிம் வைட் மன அழுத்தத்துக்காக உருவாக்கிய ஆறு வார வகுப்பு அப்படிப்பட்டது. பெரிய கூட்டத்துக்குப் பாடம்போல நடத்துவார்கள், சொந்தக் கதை கேட்கமாட்டார்கள். அங்கே ஒத்துணர்வு உதாரணங்களில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2004 சுனாமியைக் கண்ட ஊரில், மனதை அமைதிப்படுத்த "அலையோசையை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று கண்ணை மூடச் சொன்னால் என்ன ஆகும்?

இன்னொன்று. துணையாளர் தன் ஒத்துணர்வுக்குத் தானே போடும் மதிப்பெண்ணைவிட, வந்தவர்கள் போடும் மதிப்பெண்தான் பலனோடு நன்றாக ஒத்துப்போகிறது. ஆகவே வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுங்கள். "இண்டைக்கு நான் உங்களை விளங்கிக்கொண்டேனா?" என்று ஒரே கேள்வி போதும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கதவோரம் இருந்தவரும் எழுதுவார்.