முரண்தவளை: பெயர் வந்த வழியும் வாழிடமும்

முரண்தவளை, அறிவியல் பெயரில் ‘சூடிஸ் பாரடாக்ஸா’, தென் அமெரிக்காவின் நன்னீர்த் தவளை. ‘பாரா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மாறாக’ என்றும் ‘டாக்ஸா’வுக்குக் ‘கருத்து’ என்றும் பொருள். சேர்த்தால், நினைப்புக்கு மாறானது. ‘சூடிஸ்’ என்பதன் கிரேக்க அடிச்சொல்லுக்குப் ‘பொய்’ என்று பொருள்.

முரண் அளவில் இருக்கிறது. தலைப்பிரட்டை 22 செ.மீ.க்கும் மேல் வளரும். முழு வளர்ச்சியடைந்த தவளை சுமார் 7 செ.மீ.தான். இதனால் பழைய ஐரோப்பிய இயற்கையியலாளர்கள் வளர்ச்சியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். தவளைதான் வால் முளைத்து மீனாகிறது என்று எழுதி, படமும் போட்டார்கள். உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1758இல் ‘ரானா பாரடாக்ஸா’ என்று பெயரிட்டார். ‘சூடிஸ்’ என்ற தனிப் பேரினத்தை ஜெர்மன் இயற்கையியலாளர் வாக்லர் 1830இல் அமைத்தார்.

‘சுருங்கும் தவளை’ என்ற பெயரும் ஆங்கில வழக்கில் உண்டு. அதைத் தமிழாக்கினால் பிழை கூடும். தலைப்பிரட்டையின் நீளத்தில் பெரும்பகுதி வால். உருமாற்றத்தில் அது உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. குட்டித்தவளை ஏறக்குறைய முழு வளர்ச்சி பெற்ற அளவிலேயே வெளிவருகிறது. ஆக, மற்றத் தவளைகள் உருமாறிய பிறகு வளரும் வளர்ச்சியை இது முன்பே முடித்துவிடுகிறது, அவ்வளவுதான். ‘முரண்தவளை’ என்பதே மூலப்பெயருக்கும் உண்மைக்கும் பொருந்தும்.

முன்பு இதைச் ‘சூடிடே’ என்ற தனிக் குடும்பத்தில் வைத்தார்கள். இப்போது ஹைலிடே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஹைலிடேயை ‘மரத்தவளைக் குடும்பம்’ என்று எழுதுவது நம்மிடம் குழப்பும்: மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்தவளைகள் ராக்கோஃபோரிடே என்ற வேறு குடும்பம். தவிர, முரண்தவளை மரமேறுவதே இல்லை. பின்கால் விரல்களுக்கிடையே முழுச் சவ்வு. விரல் நுனி எலும்புக்கும் அதற்கு அடுத்த எலும்புக்கும் இடையே கூடுதலாக ஒரு நீண்ட எலும்பு. இரண்டும் நீந்துவதற்கானவை.

கொலம்பியாவின் மக்தலேனா பள்ளத்தாக்கு, வெனிசுவேலாவின் யானோஸ் சமவெளி, டிரினிடாட் தீவு, கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானா, பிரேசிலின் அமேசான் பகுதி, பொலிவியா, பெருவின் தென்கிழக்கு மூலை என்று இதன் எல்லை துண்டு துண்டாகப் பரவியிருக்கிறது. தெற்கே பாந்தனால் சதுப்பிலும் பராகுவே, அர்ஜென்டினாவின் சாக்கோ சமவெளியிலும் உள்ளதை 1961இல் அர்ஜென்டினா விலங்கியலாளர் கயார்தோ இதன் துணையினமாக விவரித்தார். இன்று அதைச் ‘சூடிஸ் பிளாடென்சிஸ்’ என்று தனி இனமாகவே பலர் கொள்கிறார்கள். எனவே பழைய பட்டியலில் ‘பாரடாக்ஸா, அர்ஜென்டினா’ என்று கண்டால், அது பெரும்பாலும் பிளாடென்சிஸாகத்தான் இருக்கும்.