உயர்தரத்துக்குப் பின் சிறுவர் பாதுகாப்புப் பணி: திருகோணமலை மாணவருக்கான விளக்கம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, சிறுவர்களின் உரிமைக்காக வேலை செய்ய விரும்புவதாகச் சொன்னால், வீட்டிலுள்ளோர் பெரும்பாலும் சட்டத்தரணியாவதைப் பற்றியே பேசத் தொடங்குகின்றனர். அதுவும் ஒரு வழிதான். ஆனால் மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் சிறுவர்களுடன் அன்றாடம் பழகும் உத்தியோகத்தர்களில் மிகப் பலர் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், ஆலோசனை போன்ற துறைகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே திணைக்களத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். எந்தப் பதவியை எந்த நிறுவனம் நிரப்புகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், எந்தப் படிப்பைத் தெரிவுசெய்வது என்பது தானாகவே தெளிவாகும்.

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, துஷ்பிரயோகம் பற்றிய முறைப்பாடுகளை 1929 என்ற இலக்கத்தில் பெற்றுக்கொள்கிறது. மாவட்ட மட்டத்தில் அதற்குச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர்களும் உளசமூக உத்தியோகத்தர்களும் உள்ளனர். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மத்திய அரசின் நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தைச் சேர்ந்தவர். சிறுவர் கழகங்களை நடத்துவது, இடைவிலகிய மாணவரைத் தேடிச் செல்வது போன்ற தடுப்பு வேலைகளே அவருடைய பொறுப்பில் அதிகம். ஏறத்தாழ இதே பெயரில் கிழக்கு மாகாணத்துக்கென்றும் ஒரு திணைக்களம் உண்டு. 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் துறையை மாகாணங்களிடம் ஒப்படைத்ததே அதற்குக் காரணம். நீதிமன்றத்துக்குப் பிள்ளையைப் பற்றிய அறிக்கை எழுதும் நன்னடத்தை உத்தியோகத்தர் இந்த மாகாணத் திணைக்களத்தவர். பெயர் ஒற்றுமையால் விண்ணப்பத்தை மாற்றி அனுப்புவோர் இன்றும் இருக்கின்றனர். 'நன்னடத்தை' என்ற சொல்லும் நமக்கு ஒரு தொல்லையே: குழப்படி செய்யும் பிள்ளைகளைத் திருத்தும் இடம் என்று கருதி, உதவி தேவைப்படும் குடும்பங்களே அந்த அலுவலகத்தின் படியேறத் தயங்குகின்றன.

வேலையின் இயல்பை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து மீனவர்கள் குச்சவெளிக் கரையோரத்துக்கு வந்து வாடி எனப்படும் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்குவது வழக்கம். பள்ளிக்கூட நாளொன்றில், காலை ஒன்பது மணிக்கு, பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் வாடி நிழலில் குந்தியிருந்து வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பதை உத்தியோகத்தர் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதும், வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு அவர் வாடிக்குள் நுழைவதில்லை. தாயுடன் உட்கார்ந்து, பிள்ளை ஊரில் எந்தப் பாடசாலைக்குப் போனான், எப்போது நின்றான், பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். பின்னர் கிராம உத்தியோகத்தருடன் பேசி, வலயக் கல்வி அலுவலகத்தின் ஊடாக அருகிலுள்ள பாடசாலையில் அவனை அமர்த்த முயல்கிறார். சொந்த ஊரின் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்கிறார். சட்டைக்குள் பிரம்படித் தழும்பு தெரிந்தால் விடயம் வேறு பாதையில் போகும்: பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகம், சட்ட வைத்திய அதிகாரி, நீதவான் நீதிமன்றம், நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை என்று அது நீளும். இரண்டு பாதைகளிலும், அன்று கேட்டு எழுதிய குறிப்பின் தரத்திலேயே பெரும்பகுதி தங்கியிருக்கிறது.

இவ்வேலைக்கு மிக நேரடியான படிப்பு, சீதுவையில் இயங்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணி இளமாணிப் பட்டம் என்பது என் கருத்து. இந்நிறுவகம் தானே விண்ணப்பம் கோரித் தெரிவு நடத்துவதால், இசட் புள்ளி குறைந்து பல்கலைக்கழக வாய்ப்பை இழந்தவரும் முயன்று பார்க்கலாம். டிப்ளோமா கற்கைகளும் அங்கு உண்டு. விண்ணப்பிக்குமுன் கற்கைமொழி எது என்பதை அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கலைப்பிரிவில் தேறியவருக்கு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடம் வீட்டுக்கு அண்மையிலுள்ள தெரிவு. சட்டத்தை விரும்புபவர் பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்தின் வழியாகவோ, தனி நுழைவுப் பரீட்சை நடத்தும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் வழியாகவோ போகலாம். தொழிலுக்கு வந்தபின் சட்ட உதவி ஆணைக்குழு போன்ற இடங்களில் சிறுவர் வழக்குகளில் ஈடுபடும் வாய்ப்பு கிடைக்கும்.

மத்திய அரசின் பதவி வெற்றிடங்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வெளிவருகின்றன. தமிழ்ப் பிரதியை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மாகாணப் பதவிகளுக்குக் கிழக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வயதும் கல்வித் தகைமையும் பொதுவாக விண்ணப்ப முடிவுத் திகதியை வைத்தே கணக்கிடப்படுவதால், பட்டம் நடைமுறைக்கு வரும் திகதி அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

காத்திருக்கும் மாதங்களில் சிங்களம் படிப்பதே எனக்குத் தெரிந்த நல்ல முதலீடு. அரச சேவையில் நியமனம் பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சியைப் பெற வேண்டும் என்பது விதி. அதைவிட, மூதூரில் தமிழில் கேட்ட அதே கேள்வியைக் கந்தளாயில் சிங்களத்தில் கேட்க வேண்டிய மாவட்டம் இது. கூடவே, உங்கள் கிராமத்துச் சிறுவர் கழகத்தில் உதவியாளராகச் சேர முடியுமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சேர்ந்தால், என்ன செய்தீர்கள் என்பதைத் திகதியுடன் கொப்பியில் எழுதி வையுங்கள். நேர்முகப் பரீட்சையில் அனுபவம் கேட்கப்படும்போது அந்தக் கொப்பியும் உத்தியோகத்தரின் கடிதமும் கையில் இருக்கும்.