முதல் பத்து நிமிட இன்சுலின்

"வெறும் வயிற்றில் ரத்தச் சீனியைப் பார்த்தால் 5.8 மில்லிமோல்தான் காட்டுது. கிளினிக்கில் மட்டும் ஏன் சீனி இருக்குன்னு சொல்றாங்க?" சுங்கை சிப்புட்டில் நான் வேலை செய்யும் மருந்தகத்தில் இப்படிக் கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்விதான். ரத்தச் சீனியை இறக்கும் இன்சுலினைக் கணையம் எவ்வளவு வேகமாகச் சுரக்கிறது என்று தெரிந்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

உடலில் ஒவ்வொரு சுரப்பிக்கும் ஒரு வேகம். உமிழ்நீர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் ஊறும், மெல்லத் தொடங்கினால் பல மடங்காகும், தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். இன்சுலின் அப்படி நிற்பதே இல்லை. சாப்பிடாத நேரத்திலும் மணிக்கு ஏறக்குறைய அரை முதல் ஒரு யூனிட் வரை வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் சீனி ஏறியதும், கணையத்தின் பீட்டா செல்களில் தயாராக இருக்கும் இன்சுலின் சில நிமிடங்களில் வெளியே வருகிறது. இந்த முதல் அலை பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அடுத்து வரும் இரண்டாம் அலை மெதுவானது. சீனி உயர்ந்திருக்கும்வரை நீடிக்கும்.

முதல் அலை சின்னதுதான். ஆனால் அது நேராகக் கல்லீரலுக்குப் போய், சீனியை வெளியே விடுவதை நிறுத்தச் சொல்கிறது. அந்தச் செய்தி தாமதமானால், சாப்பிட்ட சீனியும் கல்லீரல் விடும் சீனியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

டைப் 2 இனிப்புநீரில் (நீரிழிவில்) முதலில் கெட்டுப்போவது இந்த அலைதான். இரண்டாம் அலை தாக்குப்பிடிக்கும்வரை, இரவெல்லாம் நேரம் எடுத்துச் சீனியை இறக்கிவிடும். அதனால்தான் காலையில் எண் நன்றாகத் தெரிகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் கேளுங்கள். 2019 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம் என்பது எனக்குப் பெரிய கவலை.

விடிவதற்கு முன் கெட்டிப்பால் போட்ட தே தாரிக்கை மட்டும் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகும் பழக்கத்தை நான் கண்டிப்பாக விடச் சொல்வேன். நீராக இறங்கும் சீனி வயிற்றில் தங்காமல் வேகமாக ரத்தத்தில் ஏறும். முதல் அலை இல்லாதவருக்கு அதைப் பிடித்து நிறுத்த ஆளே இல்லை.

இதற்கு நேர்மாறாக, சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. கிளிக்லசைட் போன்ற இனிப்புநீர் மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினை விடச் செய்பவை. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை.

"பசியாறிட்டுத்தானே மாத்திரை போடுறீங்க அண்ணே?"

"எங்கம்மா, நாலு மரத்துக் குலையை வெட்டிட்டு, பத்து மணிக்குத்தான் பசியாறுவேன்."

இப்படிச் சொல்பவர்களை நான் அப்படியே அனுப்புவதில்லை. மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம். செம்பனைக் காட்டில் கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். சரியானதும் சாப்பிட்டுவிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 999 அழையுங்கள்.