தும்மினால் சலம் கசிகிறதா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் பெண்களில் அநேகர் முதலில் சொல்வது நாரி நோ. எழும்பிப் போகும் நேரத்தில்தான் சிலர் கதவடியில் நின்று, "மிஸ், இன்னொரு விசயம்" என்பார்கள். தும்மினால், குடம் தூக்கினால் சலம் கசிகிறது. மூத்த பிள்ளை பிறந்த நாளிலிருந்தே இருக்குமாம். அம்மாவிடம் சொன்னால், "பிள்ளை பெத்தால் அப்பிடித்தான்."

பலருக்கு வருவது உண்மை. அதற்காக அதோடேயே இருந்துவிட வேண்டியதில்லை. சலப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியில் தொட்டில்போலத் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பகாலப் பாரத்திலும் பிரசவத்திலும் அவை இழுபட்டுத் தளர்கின்றன. சிசேரியன் செய்தவர்களும் பாரம் சுமந்தவர்கள்தானே, அவர்களுக்கும் வரலாம்.

இந்தத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போதே தொடங்கலாம். ஆனால் "இறுக்குங்கோ" என்றால் பலர் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி, மூச்சையும் அடக்கிவிடுவார்கள். சிலர் கீழே முக்குவார்கள், அது நேர் எதிர். முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, காற்றையும் சலத்தையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைபடாது. சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர விடுங்கள். ஒரு தடவைக்கு 8, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். இரண்டு கிழமையில் பலனில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். சலம் போகும்போது இடையில் நிறுத்துவதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். உறவின்போது நோகிறவர்களுக்குத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம்; அவர்கள் முதலில் பழக வேண்டியது தளர்த்த.

துடக்குக் கால ஓய்வு நல்ல வழக்கம். பத்தியம் என்று தண்ணீரையும் மரக்கறியையும் குறைப்பதுதான் சரியில்லை. மலம் இறுகி, முக்க முக்க அதே தசை தளரும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் கிணற்றடி, களை, கச்சான் பிடுங்கல். "பாரம் தூக்காதீங்கோ" என்று சொல்வது எனக்கு லேசு. போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் பார்ப்பவர்களிடம் அதைச் சொல்லி என்ன பயன்? ஆகவே, வாளியை அரைவாசி நிரப்புங்கள். தூக்குமுன் தசையை இறுக்கி, மூச்சை விட்டபடி தூக்குங்கள். கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகப் பஞ்சிப்பட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. சலம் தடித்தால் சலப்பைக்கு எரிச்சல், அவசரம் இன்னும் கூடும்.

கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல இருந்தால் கருப்பை இறக்கமாக இருக்கலாம். ஆரம்பநிலையில் பயிற்சி உதவும், கருப்பையைத் தாங்க உள்ளே வளையம் வைக்கலாம், சத்திரசிகிச்சை எல்லோருக்கும் வேண்டியதில்லை. சலத்தில் இரத்தம், காய்ச்சலோடு எரிவு, சலம் போகவே முடியாமை, தொடையிடுக்கு உணர்வில்லாமல் விறைத்துப்போதல் இருந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றபடி, பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகவனிதையர் கிளினிக்கிலோ சொன்னால் பிசியோவுக்கு அனுப்ப வழி கேட்கலாம். உள்பரிசோதனைக்குப் பயந்தே பலர் வருவதில்லை. உங்கள் சம்மதமில்லாமல் அதைச் செய்யக் கூடாது. வேண்டாமென்றால் பேசியும் வெளியிலிருந்து பார்த்தும் தொடங்கலாம். அக்காவையோ மாமியையோ கூட்டிவரலாம். மாமி வேண்டாமென்றால் அவவை வெளியில் இருத்துவது என் பொறுப்பு.