பெரிய எடைக்கல்லின் பிசகு

இசைக் குறுந்தட்டில் பாட்டு கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. இடது, வலது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வினாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. அந்தப் படிக்குரிய மின்னழுத்தத்தை எடுத்துக் கொடுப்பதுதான் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக்கும் மாற்றி) சில்லின் வேலை. சொல்வது எளிது.

தராசை எடுத்துக்கொள்வோம். 1, 2, 4, 8 என இரட்டித்துப் போகும் 16 எடைக்கற்கள். கடைசிக் கல் 32,768. எந்த எண்ணையும் இவற்றில் சிலவற்றை வைத்து நிறுத்துவிடலாம். பழைய டிஏசி சில்லுகள் இப்படித்தான் இயங்கின. கற்களுக்குப் பதில் மின்தடைகள் அல்லது அளந்து விட்ட மின்னோட்டங்கள். பெரிய கல் லட்சத்தில் மூன்று பங்கு கூடினாலோ குறைந்தாலோ போதும், மிகச் சிறிய கல்லின் முழு எடைக்கும் அந்தப் பிசகு சமமாகிவிடும்.

அந்தப் பிசகு வெளிப்படும் இடம்தான் வேடிக்கை. ஒலி அலை நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஆடுகிறது. நடுவில் 32,767இலிருந்து 32,768க்குப் போக, பதினைந்து கற்களையும் இறக்கிவிட்டுப் பெரிய கல்லை மட்டும் ஏற்ற வேண்டும். உரத்த மேளத்தில் இந்தச் சறுக்கல் கரைந்துபோகும். வீணைத் தந்தியின் நாதம் தேய்ந்து அடங்கும்போதோ, அலை நடுக்கோட்டை ஒட்டியே ஆடிக்கொண்டிருக்கிறது. அங்கேதான் அந்தச் சொரசொரப்பு காதில் படும்.

1982இல் சோனி, பிலிப்ஸ் இரண்டும் குறுந்தட்டைக் கொண்டுவந்தபோது பிலிப்ஸிடம் இருந்தது 14 பிட் சில்லு, டிடிஏ1540. சோனியின் சிடிபி-101 கருவியில் 16 பிட். ஆனால் ஒரே மாற்றியை இரண்டு பக்கமும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டதால் ஒரு பக்கம் சுமார் 11 மைக்ரோவினாடி பிந்தியது. (ஒலிபெருக்கிகளில் ஒன்றை நான்கு மில்லிமீட்டர் பின்னால் தள்ளிவைத்தாலும் இதே விளைவுதான். பதற வேண்டாம்.)

பிலிப்ஸ் பொறியாளர்கள் செய்தது சில்லறை இல்லாத கடைக்காரரின் உத்தி. எண்களுக்கு இடையில் கணக்கிட்ட எண்களைச் செருகி வேகத்தை நான்கு மடங்கு, வினாடிக்கு 176,400 ஆக்கினார்கள். ஒவ்வொரு எண்ணையும் 14 பிட்டுக்குச் சுருக்கும்போது விடுபட்ட பாக்கியை அடுத்த எண்ணில் சேர்த்துக் கழித்தார்கள். பிழை மறையவில்லை, பெரும்பகுதி காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்கு ஒதுங்கியது. நாம் கேட்கும் எல்லைக்குள் கிட்டத்தட்ட 16 பிட் துல்லியம் கிடைத்தது. எனக்கு இது அந்தக் காலத்தின் மிக அழகான ஏமாற்று வேலையாகப் படுகிறது.

பிறகு வந்த டெல்டா-சிக்மா சில்லுகள் அதே பாக்கிக் கணக்கைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தவை. சிலவற்றில் ஒரே ஒரு கல்தான். அதை வினாடிக்குப் பல லட்சம் முறை ஏற்றி இறக்கிச் சராசரியை எடுக்கிறார்கள். கல் ஒன்றே என்பதால் கற்களுக்குள் பொருத்தமின்மை என்ற பேச்சே இல்லை. இன்றைய கைபேசிகளில் இருப்பவை பெரும்பாலும் இந்தக் குடும்பத்தின் வாரிசுகள்.

ஆனாலும் பிலிப்ஸின் பழைய 16 பிட் சில்லான டிடிஏ1541ஏயைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். தேர்ந்தெடுத்த சில்லுகளின் மேல் பிலிப்ஸ் சிறு கிரீடம் அச்சிட்டது. அவற்றுக்கு விலை தனி. ‘ஒலி இதமாக இருக்கிறது’ என்பார்கள். பொய்யில்லை. சிலர் இடைஎண் செருகும் வடிகட்டியை நீக்கிவிட்டு இந்தச் சில்லைப் பொருத்துகிறார்கள். அப்போது வெளிவருவது படிக்கட்டு வடிவ அலை. அடுத்த எண் வரும்வரை மின்னழுத்தத்தை அப்படியே பிடித்து வைப்பதால் 15 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1.7 டெசிபெல், 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல்லுக்கும் சற்று மேல் ஒலி சரிகிறது. ஜால்ராவின் கூர்மை மழுங்குகிறது. கிரீடத்துக்குப் போகும் பாராட்டில் ஒரு பங்கு, அங்கே இல்லாத வடிகட்டிக்குச் சேர வேண்டியது.