பின்னம்: சொல்லும் பொருளும், அதற்குரிய தமிழும்

ஒரு முழுப்பொருளைச் சம கூறுகளாகப் பிரித்து, அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டால் கிடைக்கும் அளவைக் குறிக்கும் எண்ணைப் பின்னம் என்கிறோம். இந்த விளக்கத்தில் உயிரான சொல் ‘சம’ என்பதே. கிருஷ்ணகிரியில் மாம்பழத்தை இரண்டு கதுப்பும் கொட்டையுமாக மூன்று துண்டு போடுவது வழக்கம். ஆனால் அவற்றுள் ஒரு கதுப்பை மூன்றில் ஒன்று என்று கணக்கில் எழுத முடியாது, ஏனெனில் துண்டுகள் மூன்றாயினும் அவை சமமல்ல.

‘பின்னம்’ என்பது வடமொழியில் ‘உடைந்தது, பிளவுபட்டது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. சிற்பத்தின் கையோ மூக்கோ உடைந்தால் சிலை பின்னமாகிவிட்டது என்பதும், சிதறிப்போனதைச் சின்னாபின்னம் என்பதும் இதே சொல்லின் ஆட்சிகள். ‘பின்’ என்ற தமிழ்ச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒத்திருப்பதால் முன், பின் என்று பொருள் கொள்ளும் மாணவர்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும். தெலுங்கிலும் இது பின்னம்தான், கன்னடத்தில் பின்னராசி. ஆகவே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் கணக்குப் படிக்கும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இச்சொல் அயலாக இராது.

பின்னத்தின் இரு உறுப்புகளுக்கோ அம்மொழிகளில் வேறு பெயர்கள் உண்டு. தெலுங்கில் லவம், ஹாரம் என்றும் கன்னடத்தில் அம்சம், சேதம் என்றும் வழங்குவனவற்றை நாம் தொகுதி, பகுதி என்கிறோம். பகு என்றால் பிரி. தொகு என்றால் சேர். முழுமை எத்தனை கூறாகப் பகுக்கப்பட்டது என்பதைக் கீழுள்ள பகுதி சொல்ல, அவற்றுள் எத்தனை கூறுகள் தொகுக்கப்பட்டன என்பதை மேலுள்ள தொகுதி சொல்கிறது. 3/8 என்பதில் 8 பகுதி, 3 தொகுதி. பேச்சுவழக்கில் பகுதி என்றால் ‘ஒரு பாகம்’ என்றே பொருள்படுவதால், எடுத்த பாகமாகிய 3-ஐப் பகுதி என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. வினையடியை நினைவில் வைத்தால் இக்குழப்பம் வராது: பகுத்த எண் பகுதி, தொகுத்த எண் தொகுதி.

‘மூன்று பை எட்டு’ என்று படிக்கும் பழக்கத்தைவிட ‘எட்டில் மூன்று’ என்று படிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதலில் எட்டாகப் பகுக்கிறோம், பிறகு மூன்றை எடுக்கிறோம். செய்யும் வரிசையிலேயே சொல்லும் அமைந்திருக்கிறது.

இனி, பின்னத்துக்குரிய தமிழ்ச்சொல். பழந்தமிழ்க் கணக்கில் ஒன்று முதலாக மேலே செல்லும் எண்கள் மேல்வாய் இலக்கம் எனவும், ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவை கீழ்வாய் இலக்கம் எனவும் பெயர்பெற்றன. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்பாட்டு நூலின் வழியே பிள்ளைகள் மனப்பாடம் செய்த இக்கீழ்வாய் இலக்கப் பெயர்கள் வெறும் பெயர்களல்ல, ஒவ்வொன்றும் ஒரு சிறு கணக்கு. முக்கால் என்பது மூன்று கால், அதாவது பெருக்கல். அரைக்கால் என்பது காலில் அரை, ஆகவே 1/8. கேழ்வரகைப் படியால் அளந்த நாளில் அரைக்கால் படியே ஓர் ஆழாக்கு. மா என்றால் 1/20, அதில் கால் பங்கு காணி, 1/80. இவ்விரண்டையும் கூட்டிய மாகாணியின் மதிப்பை ஆறாம் வகுப்பு மாணவர் தாமே காணலாம்: 1/20 என்பதை 4/80 ஆக்கி, அதனுடன் 1/80 சேர்த்தால் 5/80, சுருக்கினால் 1/16. பகுதிகள் வேறுபட்ட வேற்றினப் பின்னங்களைப் பகுதி ஒன்றான ஓரினமாக்கிக் கூட்டும் பாடம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. காணியிலும் கால் பங்காகிய 1/320-க்கு முந்திரி என்று பெயர். இவற்றுக்கெனத் தனிக் குறியீடுகளும் இருந்தன; கணினி எழுத்துகளுக்கான தரமாகிய யூனிகோடின், 2019-இல் வெளியான 12-ஆம் பதிப்பில் அவை இடம்பெற்றுள்ளன.

ஆயினும் கீழ்வாய் இலக்கம் என்பதைப் பின்னத்துக்கு முற்றிலும் நிகரான சொல்லாகக் கொள்ளத் தயக்கம் ஏற்படுகிறது. மேற்கண்ட வரிசையில் 1/3, 1/7 போன்றவற்றுக்குத் தனிப்பெயர் இல்லை. 9/4 போல ஒன்றைவிடப் பெரிதாகும் தகா பின்னங்களும் ‘கீழ்வாய்’ என்ற பெயருக்குள் அடங்குவதில்லை. எனவே பொதுப்பெயராகப் பின்னத்தையே வைத்துக்கொண்டு, ஒன்றுக்குக் குறைந்த பழைய அளவுகளுக்குக் கீழ்வாய் இலக்கம் என்ற பெயரையும் சேர்த்துக் கற்பிப்பதே பொருத்தம். தகா பின்னம் என்பதில் உள்ள ‘தகா’, பிழையானது என்று பொருள்படாது. தொகுதி பகுதிக்குக் குறையாமல் இருப்பதை மட்டுமே அது குறிக்கும்.

அந்த 9/4-ஐக் கலப்புப் பின்னமாக்கினால் 2 1/4, அதாவது இரண்டேகால். இங்கே நடுவில் வரும் ஏகாரம் கூட்டலைச் செய்கிறது: இரண்டும் காலும். முக்கால், மூன்றேகால் என்ற இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முன்னது மூன்றைக் காலால் பெருக்கியது, 3/4. பின்னது மூன்றுடன் காலைக் கூட்டியது, 13/4.