குல்லாவைக் கழற்றும் குழந்தை: ஆட்டிசத்தைப் படக்கதையில் சொல்வது எப்படி?

ஊட்டியில் ஜனவரிக் குளிர். வகுப்பே கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு குழந்தை மட்டும் அதைப் பிடுங்கி எறிந்தால், பக்கத்தில் இருக்கும் ஐந்து வயதுக்காரி "டீச்சர், அவன் சேட்டை பண்றான்" என்றுதான் சொல்வாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாத காரணத்தை வரைந்து காட்டலாம் என்பதுதான் படக்கதையின் பலம்.

குல்லா போட்ட கொஞ்ச நேரத்தில் அது தலையில் இருப்பதே நமக்கு மறந்துபோகும். ஒரே தொடுகை தொடர்ந்து வந்தால் மூளை அதைக் கண்டுகொள்வதைக் குறைத்துவிடும். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. அது உள்ள பலருக்கு இந்தத் தணிவு குறைவு. உறுத்தல் உறுத்திக்கொண்டே இருக்கும். சிலருக்கு நேர்மாறாக, குளிரும் வலியும் உறைப்பதே தாமதமாகும். மருத்துவர்கள் ஆட்டிசம் போன்றவற்றைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்க மனநலக் கையேட்டின் (DSM) 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, இந்தப் புலன் வேறுபாட்டையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது.

புத்தகத்தை நாமே செய்துவிடலாம். நான்கு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்துத் தைத்தால் 16 பக்கம். அட்டைக்கு 4 போனால் மிச்சம் 12: ஆறு ஏடு, ஆறு காட்சி. ஏட்டின் முன்பக்கத்தில் மற்றவர்கள் பார்ப்பது. திருப்பினால், அந்தக் குழந்தை உணர்வது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரைந்துவிடக் கூடாது. கேள்வி கேட்கும் முன்பே விடை தெரிந்துவிடும். பக்கத்துக்கு ஒரே வாக்கியம், ஆறேழு சொல் போதும். மலையில் மழைக்கால ஈரத்துக்கு ஸ்கெட்ச் பேனா மை பரவிவிடும், க்ரேயான் நல்லது.

ஒரு காட்சி: குன்னூர் ஸ்டேஷன். நீராவி இன்ஜின் விசில் அடிக்கிறது, பிள்ளைகள் கையாட்டுகிறார்கள், ஒருவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருக்கிறான். ஏட்டைத் திருப்பினால் விசில் சத்தம் பக்கம் முழுக்கக் கறுப்புக் கோடுகளாக அடைத்திருக்கிறது. ரயில் மூலையில் சின்னதாகத் தெரிகிறது. இன்னொன்று: "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டியா?" என்றே பதில் வருகிறது. மறுபக்கத்தில், கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் பதிலைத் தேடுகிறான். கிண்டல் செய்யவில்லை என்பது படத்திலேயே புரிய வேண்டும்.

ஐந்தாறு பிள்ளைகளை உட்கார வைத்துப் பத்து நிமிடம் படியுங்கள். முதல் முறை நிறுத்தாமல் வாசிக்கலாம். மறுநாள் ஒவ்வொரு ஏட்டையும் திருப்பும் முன் "ஏன் இப்படிப் பண்றான்?" என்று கேட்டுக் காத்திருங்கள். "பயந்துட்டான்", "கோவம்" என்று எது வந்தாலும் திருத்த வேண்டாம். அடுத்த பக்கம் திருத்திவிடும்.

சொதப்புவது பெரும்பாலும் கதாபாத்திரத்தில்தான். எப்போதும் அழும் பிள்ளையாக வரைந்தால் பரிதாபம் மட்டுமே மிஞ்சும். கடைசியில் கணக்கில் புலியாகி எல்லோரையும் அசத்துவதாக முடித்தால், திறமை காட்டினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று ஆகிவிடும். இது இன்னும் மோசம். ஒரே கதாபாத்திரம் இருந்தால் ஆட்டிசம் என்றாலே இப்படித்தான் என்று பதிந்துவிடும். குளிரே உறைக்காமல் ஸ்வெட்டரை மறந்து ஓடும் ஒரு பெண்ணையும் சேருங்கள். வகுப்பில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால், பெற்றோர் சம்மதிக்காமல் அதன் பெயரோ சாயலோ வரவே கூடாது.

"எனக்கும் ஒட்டிக்குமா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். "ஒட்டாது, அவன் மூளை வளர்ந்த விதமே அப்படி" என்று நேராகச் சொல்லுங்கள். "அப்போ நான் என்ன பண்ணணும்?" என்பதற்கு ஒவ்வொரு காட்சியிலும் ஒரு செயல் இருக்கட்டும்: விசில் வரும் முன் சொல்லிவிடலாம், கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருக்கலாம், குல்லாவுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி தைத்துத் தரச் சொல்லலாம்.